எபிசோட் 41: லாப், ஸ்ப்ளிட், ரீசெட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த தடுமாற்றங்களையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)

மெட்ரோவில் நின்னுக்கிட்டே கேக்குறவங்க, பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்குறவங்க, பில்டு முடியட்டும்னு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு ஒரு சின்னப் பொருள் பத்திப் பேசப் போறேன். ஸ்டாப்வாட்ச். ஃபோன்ல இருக்குற ஆப் இல்ல. கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்குவாங்களே, பி.டி. சார் கையில கருப்பா ஒண்ணு இருக்குமே, அது. முந்நூறு, நானூறு ரூபாய்ல இருந்து கிடைக்கும். மூணு பட்டன். "இதுல பேச என்னடா இருக்கு, அமுக்குனா ஓடும், அமுக்குனா நிக்கும்"னு தோணலாம். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, பதினொண்ணாம் கிளாஸ் படிக்கும்போது. அதனால வந்த ஒரு விஷயத்தைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த மூணு பட்டனும் என்ன பண்ணும்னு தெரிஞ்சாத்தான் கதை புரியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

பொதுவா வலது பக்கப் பட்டன் ஸ்டார்ட், ஸ்டாப். நடுவுல இருக்குறது மோட். இடது பக்கம் இருக்குறதுதான் வில்லன். கடிகாரம் ஓடிக்கிட்டு இருக்கும்போது அதை அமுக்குனா லாப் அல்லது ஸ்ப்ளிட். கடிகாரம் நின்ன பிறகு அதே பட்டனை அமுக்குனா ரீசெட். ஒரே பட்டன், ரெண்டு வேலை; எந்த வேலைன்னு முடிவு பண்றது நீங்க இல்ல, அந்த நேரத்துல கடிகாரம் இருக்குற நிலைமை. நம்ம தொழில்ல இதுக்கு மோட் எரர்னு பேர். கேப்ஸ் லாக் போட்டது தெரியாம பாஸ்வேர்டு அடிக்கிறோமே, அதே ஜாதி.

சரி, ஸ்ப்ளிட்டுக்கும் லாப்புக்கும் என்ன வித்தியாசம்? நிறைய பேர் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. 200 மீட்டர் சுற்றளவு இருக்குற ஒரு ஸ்கூல் கிரவுண்டை எடுத்துக்குவோம். 800 மீட்டர்னா நாலு சுத்து. ஒவ்வொரு சுத்து முடியும்போதும் இடது பட்டனை அமுக்குறீங்க. ஸ்ப்ளிட்னா ஆரம்பத்துல இருந்து அது வரைக்கும் ஆன மொத்த நேரம்: 33 விநாடி, 1:07, 1:42, 2:16. லாப்னா அந்த ஒரு சுத்துக்கு மட்டும் ஆன நேரம்: 33, 34, 35, 34. மூணாவது சுத்துல பையன் தளர்றான், கடைசியில திரும்பப் பிடிக்கிறான்னு ஒரு கோச்சுக்குச் சொல்றது லாப். ரிசல்ட் ஷீட்ல எழுதுறது கடைசி ஸ்ப்ளிட். இந்த ரெண்டையும் மாத்தி எழுதுனா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. "800 மீட்டர், 34 விநாடி." உலக சாம்பியன் எல்லாம் ஓரமா உக்கார வேண்டியதுதான். [சிரிக்கிறார்]

இடது பட்டனை அமுக்கும்போது டிஸ்ப்ளே நின்ன மாதிரி தெரியும். ஆனா உள்ள எதுவும் நிக்கல. உள்ளே எண்ணிக்கை ஓடிக்கிட்டேதான் இருக்கும். நீங்க பாக்குறது அந்தக் கணத்தோட ஒரு ஸ்கிரீன்ஷாட். கொஞ்சம் விலை கூடுன மாடல்ல மூணு வரிசை இருக்கும். மேல லாப், நடுவுல ஸ்ப்ளிட், கீழ ஓடிக்கிட்டே இருக்குற நேரம். இந்த மூணாவது வரிசையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கேசியோ எஃப்-91டபிள்யூ கட்டியிருக்கீங்களா? 1989ல வந்த மாடல், இன்னும் விக்குது. காலேஜ்ல பாதிப் பேர் கையில இருந்தது. அதுலயும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கு. அதுல ஒரு அழகான வேலை பண்ணலாம், முதல் ஆள், ரெண்டாவது ஆள் ரெண்டு பேருக்கும் டைம் எடுக்கலாம். முதல் ஆள் கோட்டைத் தொடும்போது மேல் இடது பட்டன். திரை நிக்கும். ரெண்டாவது ஆள் வரும்போது வலது பட்டன். முதல் ஆளோட டைமை எழுதிக்கிட்டு, திரும்ப இடது பட்டனை அமுக்குனா ரெண்டாவது ஆளோட டைம் வரும். இன்னொரு தடவை அமுக்குனா எல்லாம் பூஜ்யம். அதாவது அங்க மெமரியே கிடையாது. திரையில நிக்கிறதும், திரைக்குப் பின்னாடி ஓடுறதும், அவ்வளவுதான் அதுக்கு இருக்குற ஞாபகம். அந்த வாட்ச்ல ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரம் வரைக்கும்தான் எண்ணும், அதுக்கு மேல முதல்ல இருந்து.

மெமரி இருக்குற மாடல்கள்ல 10, 30, 60, 100னு எண் போட்டிருப்பாங்க. அத்தனை லாப் சேத்து வைக்கும்னு அர்த்தம். 10 போதும்னு தோணும். 400 மீட்டர் டிராக்ல 5,000 மீட்டர்னா பன்னிரண்டரை சுத்து. பதினொண்ணாவது சுத்துல என்ன ஆகும்? சில மாடல்ல திரையில காட்டும், சேத்து வைக்காது. சில மாடல்ல பழசை அழிச்சுட்டுப் புதுசை எழுதும், ரிங் பஃபர் மாதிரி. பெட்டிக்குள்ள ஒரு சின்னத் தாள் மடிச்சு வெச்சிருப்பாங்க, அதுல இது இருக்கும். அந்தத் தாளை நாம பிரிக்கவே மாட்டோம். நானும் பிரிச்சது இல்ல.

கவுண்ட்டவுன் பத்தி ஒரு வரி: கபடியில ரெய்டு 30 விநாடி, அதுக்குன்னே செஞ்ச மாதிரி கவுண்ட்டவுன் ரிப்பீட் மோட் இருக்கு. பேசர் மோட் பீப் பீப்னு தாளம் தரும். ஓடுறவங்களுக்குப் பிடிக்கும், பக்கத்துல இருக்குறவங்களுக்குப் பிடிக்காது.

இப்ப கதைக்கு வரேன்.

நான் படிச்சது திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர் ஸ்கூல். ஸ்கூல் பேர் வேண்டாம். பதினொண்ணாவதுல எனக்குக் கணுக்கால் பிசகிடுச்சு, ஸ்போர்ட்ஸ்ல சேரமுடியல. கம்ப்யூட்டர் குரூப் பையன், மெஷின் எல்லாம் தெரியும்னு பி.டி. சார் என்னைக் கூப்பிட்டு ஸ்டாப்வாட்ச்சைக் கையில குடுத்துட்டார். அப்பத்தான் ஸ்கூலுக்குப் புதுசா வாங்கியிருந்தாங்க. மூணு வரிசை, பத்து மெமரி. கழுத்துல மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் நான் நடந்த நடையை நீங்க பாத்திருக்கணும்.

மண்டல அளவுப் போட்டிக்கு 800 மீட்டருக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ரெண்டு பேர் போட்டி. ஒருத்தன் வெள்ளிக்கிழமை காலையில ஓடிட்டான். சாரே டைம் எடுத்தார். 2:15.9. இன்னொருத்தன் என் ஃப்ரெண்ட். அவனால காலையில வரமுடியல. மாடு கறந்து பால் சொசைட்டிக்கு ஊத்திட்டு, தங்கச்சியை ஸ்கூல்ல விட்டுட்டு அவன் வரும்போது பிரேயர் முடிஞ்சிடும். அதனால சாயங்காலம் தனியா ஓடச் சொன்னார் சார். தனியா ஓடுறது கஷ்டம், பக்கத்துல துரத்த ஆளே இருக்காது. அதுக்கு என்ன பண்றது, வேற வழி இல்ல. சார் ஸ்டார்ட்டிங் பக்கம் விசில் ஊதிட்டு, வாலிபால் நெட் கட்டுற பசங்களைத் திட்டப் போயிட்டார். டைம் எடுத்தது நான்.

முதல் சுத்து. இடது பட்டன். ரெண்டாவது சுத்து. இடது பட்டன். மூணாவது. இடது பட்டன். கட்டை விரல் பழகிடுச்சு. நாலாவது சுத்து, கடைசி அம்பது மீட்டர், அவன் வாயைத் திறந்துக்கிட்டு வர்றான். நான் கத்துறேன். அவன் கோட்டைத் தாண்டுன அந்த நொடியில நான் அமுக்குனது, பழக்கத்துல, இடது பட்டன்.

கீழ் வரிசை ஓடிக்கிட்டே இருந்தது.

எனக்கு ஒண்ணும் புரியல. ஏன் நிக்கலன்னு பாத்தேன். அப்புறம்தான் புரிஞ்சு வலது பட்டனை அமுக்குனேன். கீழ் வரிசை நின்னுச்சு: 2:17.8. அதைப் பாத்தேன். பாத்த கையோட, பதட்டத்துல, முன்னாடி அமுக்குனது எங்கயாவது இருக்குமான்னு திரும்ப இடது பட்டனை அமுக்குனேன். கடிகாரம் நின்ன பிறகு இடது பட்டன்னா என்ன? மூணு வரிசையும் பூஜ்யம்.

சார் வந்தார். "எவ்வளவுடா?" "2:17.8 சார்." "கரெக்டா அமுக்குனியா?" "ஆமா சார்."

இதுதான் நான் பன்னிரண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாத விஷயம். அது கரெக்ட் இல்லன்னு எனக்குத் தெரியும். லேட்டா நிறுத்தினேன்னு தெரியும். எவ்வளவு லேட்டுன்னு மட்டும் தெரியாது. ஒரு விநாடியா, ரெண்டா, மூணா? காலையில ஓடுனவனுக்கும் இவனுக்கும் வித்தியாசம் 1.9 விநாடி. நான் முழிச்சுக்கிட்டு நின்ன நேரம் ஒரு விநாடின்னா இவன் தோத்தான். ரெண்டுன்னா இவன்தான் ஜெயிச்சான். "சார், தப்பா அமுக்கிட்டேன்"னு சொல்லியிருந்தா, அடுத்த நாளோ திங்கக்கிழமையோ திரும்ப ஓட விட்டிருப்பார். நல்ல மனுஷன்தான். ஆனா ரெண்டு நாளா கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச அந்தப் பொருளைத் திரும்ப வாங்கிடுவாரோன்னு பயம். வேற எந்தப் பெரிய காரணமும் இல்ல. அந்த பயம்தான்.

அவன் கிரவுண்ட்ல குனிஞ்சு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தான். டைமைச் சொன்னேன். "பரவால்லடா"ன்னான். சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போயிட்டான், சாயங்காலம் கறக்குற நேரம் ஆயிடுச்சுன்னு.

கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்.

ம். கையால டைம் எடுக்குறது பத்திக் கொஞ்சம் பேசுவோம். காலேஜ் வந்த பிறகு, வேலைக்குச் சேர்ந்த பிறகு, இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சிருக்கேன். ஏன் தேடுனேன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

ஸ்டாப்வாட்ச்சுக்குள்ள இருக்குற குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும். என்ன வித்தியாசமான எண் இதுன்னு தோணும். நம்ம ஆட்களுக்கு உடனே பிடிபடும், 2-ன் 15-வது அடுக்கு. பதினஞ்சு தடவை பாதி பாதியாக் குறைச்சா சரியா ஒரு விநாடி. மலிவான படிகம்கூட ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு விநாடி தள்ளிப்போகும், அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ ஓட்டத்துல அந்தப் பிழை ஒரு விநாடியில நூத்துல ஒரு பங்குகூட வராது. தப்பு படிகத்துல இல்ல, கட்டை விரல்ல. கண் பாத்து விரல் அமுக்க சுமார் 0.2 விநாடி ஆகும். அதனால திரையில தெரியுற கடைசி இலக்கத்தை நான் நம்புறதே இல்ல. அது அலங்காரம்.

இது விளையாட்டு உலகத்துக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் கைக்கடிகார நேரத்துக்குன்னு தனி விதிகள் வெச்சிருக்காங்க. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அமுக்கக் கூடாது, புகையையோ வெளிச்சத்தையோ பாத்து அமுக்கணும், சத்தம் வந்து சேர நேரம் ஆகும். முடிவுல காலையோ தலையையோ பாக்கக் கூடாது, உடம்பு, அதாவது மார்புப் பகுதி கோட்டுக்கு வரும்போது அமுக்கணும். வாட்ச் நூத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டுனாலும் அதை மேல் பக்கமா பத்துல ஒரு பங்குக்கு ஏத்தணும்: 10.11ன்னு காட்டுனா 10.2ன்னுதான் எழுதணும். மூணு பேர் டைம் எடுப்பாங்க. ரெண்டு பேர் சொல்றது ஒத்துப்போனா அதுதான். மூணும் வேற வேறன்னா நடுவுல இருக்குறது. ரெண்டே டைம்தான் இருக்கு, ரெண்டும் வேறன்னா, அதிகமா இருக்குறது. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க. மனுஷன் தப்பு பண்ணுவான்னு ஒத்துக்கிட்டு எழுதுன விதி. எங்க கிரவுண்ட்ல ஒரே ஒருத்தன்தான் இருந்தான்.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 400 மீட்டர் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ஓட்டிஸ் டேவிஸுக்கும் ஜெர்மனியின் கார்ல் காஃப்மனுக்கும் கைக்கடிகார நேரம் ஒண்ணுதான், 44.9. ஃபோட்டோ ஃபினிஷ் பாத்துத்தான் டேவிஸுக்குத் தங்கம் குடுத்தாங்க. அதே ஓட்டத்துல நாலாவதா வந்தவர் மில்கா சிங். கைக்கடிகாரத்துல 45.6, மின்னணு நேரத்துல 45.73. ஒரே மனுஷன், ஒரே ஓட்டம், ரெண்டு எண். 1998ல பரம்ஜித் சிங் 45.70 ஓடினார். இப்ப சொல்லுங்க, அவர் மில்கா சிங்கோட சாதனையை முறியடிச்சாரா இல்லையா? 45.73ஐ வெச்சுப் பாத்தா முறியடிச்சார். 45.6ஐ வெச்சுப் பாத்தா இல்ல. எனக்குக் கேட்டா மின்னணு நேரத்தையும் மின்னணு நேரத்தையும்தான் ஒப்பிடணும். கையால எடுக்குற நேரம் பொதுவா குறைவாத்தான் வரும், ஆரம்பத்துல விரல் லேட் ஆகும், முடிவுல ஆள் வர்றதைப் பாத்துக்கிட்டே இருக்குறதால லேட் ஆகாது. ஆனா அந்த 45.6ஐ நாப்பது வருஷம் சுமந்த ஒருத்தர்கிட்ட இந்த லாஜிக்கைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸ் 400 மீட்டர் தடை ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். 55.42. வெண்கலம் 55.41. அது மெஷின் சொன்னது, யாரையும் குத்தம் சொல்ல முடியாது.

நம்ம வேலையிலயும் இதே கதைதான். ஒரு ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னு பாக்க, ஆரம்பத்துல மணியைப் பாத்து, முடிவுல மணியைப் பாத்து, கழிச்சுக்குவோம். சுவர்க் கடிகாரத்தை வெச்சு டைம் எடுக்குற மாதிரி. நடுவுல யாராவது சுவர்க் கடிகாரத்தைத் திருத்தி வெச்சா? 2016 டிசம்பர் 31 நள்ளிரவு, யுடிசி நேரப்படி, ஒரு லீப் விநாடி சேர்த்தாங்க. கிளவுட்ஃப்ளேரோட டிஎன்எஸ் மென்பொருள் கோ மொழியில எழுதினது. கழிச்சுப் பாத்தா மைனஸ்ல நேரம் வந்து சில இடங்கள்ல விழுந்துச்சு. அடுத்த வருஷம் வந்த கோ 1.9ல அதைச் சரி பண்ணாங்க, முன்னாடி மட்டுமே போகுற மோனோடானிக் கடிகாரத்தையும் சேத்து வெச்சுட்டாங்க. அதாவது மொழிக்குள்ளயே ஒரு ஸ்டாப்வாட்ச். நேர இடைவெளியை அளக்க பைத்தான்ல டைம் டாட் டைம் போடுற ஜூனியர்ஸை நான் கோட் ரிவ்யூல கொஞ்சம் அதிகமாவே திட்டுவேன். ஏன் இவ்வளவு கோபம்னு அவங்களுக்குத் தெரியாது. சாரிப்பா.

இப்ப ரெண்டு மாசம் முன்னாடிக்கு வருவோம்.

நான் ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரன்னிங் குரூப்போட போவேன். ஓடுறது குறைவு, டைம் எடுக்குறது அதிகம். எட்டு 400 மீட்டர், நடுவுல ஓய்வு, அந்த மாதிரி. ஃபோன்ல எடுத்தா ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பாத்து அமுக்கணும், வேர்வைக் கையில அமுங்காது. கண்ணு ஓடுறவங்க மேல இருக்கணும்னா விரலுக்குத் தட்டுப்படுற பட்டன் வேணும். அதனால ஒரு நிஜ ஸ்டாப்வாட்ச் வாங்கலாம்னு பெரியமேடு போனேன். நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையா ஸ்போர்ட்ஸ் கடைகள் இருக்கே, அங்க. கடைக்காரர் நாலஞ்சு எடுத்துப் போட்டார். அதுல ஒண்ணைப் பாத்ததும் கை நின்னுடுச்சு. அதே மாடல். ஓரத்துல இருந்த நிறம் மட்டும் மாறியிருந்தது.

புது ஸ்டாப்வாட்ச் வாங்கும்போது நான் ஒரு டெஸ்ட் பண்ணுவேன். நீங்களும் பண்ணுங்க, ஒரு நிமிஷம் ஆகாது. ஸ்டார்ட். மூணு தடவை லாப். ஸ்டாப். ரீசெட். இப்ப ரீகால் அமுக்கிப் பாருங்க. மெமரி காலியா இருந்தா, உங்க மாடல்ல ரீசெட்னா அழிச்சுடும்னு அர்த்தம். எழுதிக்காம ரீசெட் பண்ணாதீங்க. மூணு லாப்பும் வந்தா, ரீசெட் திரையை மட்டும்தான் சுத்தம் பண்ணும், மெமரி அடுத்த ஸ்டார்ட் வரைக்கும் இருக்கும். ரெண்டு விதமாவும் செய்யறாங்க.

கடையில நின்னு அந்த டெஸ்ட்டைப் பண்ணேன். ரீசெட் அமுக்குனேன், மூணு வரிசையும் பூஜ்யம், அன்னைக்கு மாதிரியே. ரீகால் அமுக்குனேன்.

1. 2. 3. மூணும் அங்கயே இருந்துச்சு.

எனக்கு அந்தக் கடை சத்தம் எதுவும் கேக்கல கொஞ்ச நேரம். நான் என்ன பண்ணேன்னு ஒருமுறை சொல்றேன். அவன் கோட்டைத் தாண்டும்போது நான் அமுக்குனது லாப். அது தப்பான பட்டன்தான், ஆனா சரியான நேரத்துல அமுக்குன தப்பான பட்டன். நாலாவது லாப்பா, நாலாவது ஸ்ப்ளிட்டா, அவனோட நிஜமான டைம் அப்பவே பதிவாயிடுச்சு. அந்த நேரத்துல நடு வரிசையிலயே அது இருந்திருக்கும், நான் கீழ் வரிசையை மட்டும் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். அப்புறம் ரீசெட் பண்ணேன், எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். போகல. நான் சார்கிட்ட "ஆமா சார்"னு சொன்னப்போ என் கழுத்துலதான் அது தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சார் வாங்கி டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டார். சனி, ஞாயிறு லீவு. திங்கக்கிழமை காலையில 1,500 மீட்டர் ட்ரையல்ஸுக்கு யாரோ ஸ்டார்ட் அமுக்குற வரைக்கும், அறுபது மணி நேரத்துக்கு மேல, அது உள்ளேயே இருந்திருக்கு. ரீகால் பட்டன் ஒரு தடவை. அவ்வளவுதான்.

கடைக்காரர் "பேட்டரி புதுசு சார், வாரன்ட்டி இல்ல"ன்னார். வாங்கிட்டு வந்துட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அவனுக்கு ஃபோன் பண்ணேன். இப்ப திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில சூப்பர்வைசர். வருஷத்துக்கு ரெண்டு தடவை பேசுவோம், பொங்கலுக்கு ஒண்ணு, யாராவது செத்தா ஒண்ணு. இதை இங்க பேசுறதுக்கு அவன்கிட்ட கேட்டுட்டேன். "பேரைச் சொல்லாம என்ன வேணா பேசு"ன்னான்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. "மச்சான், பதினொண்ணாவதுல 800 மீட்டர் ட்ரையல்ஸ் ஞாபகம் இருக்கா?"ன்னேன்.

"2:17.8"ன்னான். உடனே. ஒரு விநாடிகூட யோசிக்கல.

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. எல்லாத்தையும் சொன்னேன். இடது பட்டன், வலது பட்டன், சார் கேட்டது, நான் சொன்னது, பெரியமேடு, ரீகால். அவன் நடுவுல ஒண்ணும் பேசல. பின்னாடி மெஷின் சத்தம் மட்டும் கேட்டுச்சு, நைட் ஷிஃப்ட்.

முடிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ நான் அதைவிட வேகமா ஓடியிருக்கேனா?"ன்னான்.

"ஆமாடா. எவ்வளவுன்னு தெரியல. ஆனா 2:17.8 இல்ல. அது உறுதி."

"ஏன்டா, இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் 2:17ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். கல்யாணத்துல மச்சினன்கிட்டகூட சொன்னேன்." சிரிச்சான். நிஜமாவே சிரிச்சான். "இனிமே 2:15ன்னு சொல்லிக்கலாமா?"

நான் ஒரு இன்ஜினியர், மக்களே. என் வாயில வந்தது, "டேட்டா இல்லயேடா."

"நீ அன்னைக்குச் சொல்லும்போது மட்டும் டேட்டா இருந்துச்சா?"ன்னான்.

இதுக்கு நான் பதில் சொல்லல. அவன் கோபமா கேட்டானா, விளையாட்டா கேட்டானான்னு இப்பவும் தெரியல. நானும் கேக்கல. "கோபமா?"ன்னு கேட்டா அவன் "சேச்சே"ன்னுதான் சொல்லியாகணும். அந்தக் கேள்வியைக் கேட்டு அவனுக்கு அந்த வேலையையும் குடுக்க வேண்டாம்னு தோணுச்சு. காலையில ஓடி செலக்ட் ஆனவன் மண்டலப் போட்டியில மூணாவது வந்தான், அதோட அந்தக் கதை முடிஞ்சுது. இவன் போயிருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆகியிருக்கலாம். அவன் பன்னிரண்டாவதுல ட்ரையல்ஸுக்கே வரல, அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அப்புறம் அவன்தான் பேச்சை மாத்தினான். பொண்ணு ஒண்ணாவது படிக்கிறா, ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடப் போறாளாம். "நல்லா ஓடுறாடா"ன்னான். அந்த வாட்ச் எவ்வளவுன்னு கேட்டான். விலையைச் சொல்லாம, அனுப்பி வைக்கிறேன்னேன். "நீ வெச்சுக்க, உனக்கு வேணும்ல"ன்னான். அனுப்பிட்டேன். கூரியர்ல போடுறதுக்கு முன்னாடி பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருந்த தாளைப் பிரிச்சேன், வாழ்க்கையில முதல் தடவையா. ரொம்பச் சின்ன எழுத்து, இங்கிலீஷ். தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வெச்சேன். எந்த வரிசை எது, எந்தப் பட்டன் எப்ப என்ன பண்ணும், ரீகால் எங்க இருக்கு. கடைசியில இடது பட்டன் மேல ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை ஒரு ஃபோட்டோ அனுப்பியிருந்தான். ஸ்டாப்வாட்ச் டிஸ்ப்ளே, ரீகால் மோட், ஒரே ஒரு லாப். 60 மீட்டர், வீட்டு முன்னாடி ரோட்டுல ஓடுனதாம். 13.42. நான் "கையால எடுத்த டைம், 13.5ன்னு எழுதணும்"னு பதில் போட்டேன். அதுக்கு அவன் அனுப்புன ஸ்டிக்கரை இங்க விவரிக்க முடியாது, குழந்தைங்களும் கேக்குறாங்க.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரம் கழிச்சு. யு.பி.எஸ் பேட்டரி பத்தி பேசுறோம், என்கூட வேலை பாக்குற ஒருத்தர் வராங்க. வரட்டுமா.